கரப்பான் தைத்த மோலா

என் மனைவி ஒலோதிலி செத்து மூன்று மாதமாகியும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்று தீவில் பேச்சு. ஆதாரம், என் மூக்குக்கண்ணாடி. இருந்த நாளில் அதை ஒளித்துவைத்துவிட்டு, நான் தடவித் திரிவதைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போதும் அது காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை கருவாட்டுக் கூடையில் கிடைத்தது. இன்னொரு முறை தேங்காய்க் குவியலுக்கு அடியில்.

நான் பனாமா நகரக் கல்லூரியில் படித்தவன். தீவுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். ஆவியை நம்புவதாக யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியை மட்டும் கண்ட இடத்தில் கழற்றி வைத்தேன்.

செத்தவர்களின் வழி தெரிந்த மந்திரக்காரரான நெலே வந்து கோக்கோ விதைகளைச் சுட்டுப் புகைபோட்டார். போகவேண்டியவள் போகாவிட்டால் அவளுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு என்றார். பெண்கள் ரவிக்கையின் முன்னும் பின்னும் வைத்துத் தைக்கும் அடுக்குத் துணிதான் மோலா; வழிதவறவைக்கும் சிக்கல்கோடு தைத்த மோலா ஜோடி ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார்: முன்பக்கத் துணி வாசலில், பின்பக்கத் துணி என் தொங்குபடுக்கையின் தலைமாட்டில். கோடுகளுக்குள் நுழையும் ஆவி சுற்றிச் சுற்றிச் சலித்துத் திரும்பிவிடுமாம். பத்தாம் நாள் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மாமியார் பணிவாகத் தலையாட்டினார். அவருடைய இளைய மகள் இக்வா, ரவிக்கைக்கென்று தான் தைத்துவைத்திருந்த ஜோடியைக் கொடுத்தாள்.

எட்டு நாள் கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது. எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள், மாமியார் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது, தலைமாட்டு மோலாவின் கீழ்மூலையில் கோட்டின் வழியை அடைத்த ஒரு சிவப்புத் துணிச்சுவரை வெட்டினேன். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. இப்போது வெளியிலிருந்து நடுவுக்கு ஒரு வழி இருந்தது. ஆனால் வாசல் மோலாவை என்னால் நெருங்க முடியவில்லை. மாமியார் பகலெல்லாம் அதன் அடியில்தான். ஒலோதிலி வீட்டுக்குள்ளேயே வரமுடியாதென்றால் என் வழியால் என்ன பயன்?

மறுநாள் காலை இக்வா கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, யாரோ இதுல வாசல் வச்சிருக்காங்க."

மாமியார் வந்து குனிந்து பார்த்தார். "கரப்பான் கடிச்சிருக்கும்."

"கடிச்சிட்டு ஓரத்தை மடிச்சுத் தைச்சிட்டா போயிருக்கு?"

நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

இக்வா வாசல் மோலாவையும் கழற்றி வெயிலில் பிடித்தாள். கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். விரல் எங்கும் முட்டாமல் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலும் கீழ்மூலையில் ஒரு சுவர் வெட்டப்பட்டிருந்தது. தையல் கண்ணுக்கே தெரியவில்லை. அப்படித் தைக்கக்கூடியவர்கள் வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி கையில் மோலாவோடு நின்றாள். இன்னொருவர் மூக்கு வளையத்தைச் சரிசெய்தபடி கடலைப் பார்த்தார்.

"ரெண்டு கரப்பான்," என்றாள் இக்வா. "ஒண்ணுக்குத்தான் தைக்கத் தெரியுது."

நெலே மதியம் வருவார், பார்த்தால் எட்டு நாள் புகைபோட்டுப் பாடி அக்காவை அனுப்பியே விடுவார் என்று எங்கள் இருவரையும் திட்டினாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தாள். மாமியாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை.

நெலே வந்தார். இரண்டு மோலாவிலும் கீழ்மூலையில் விரல் வைத்து நுழைந்தார். சுவரில் முட்டினார். நல்ல தையல் என்று மெச்சிவிட்டு, மீன் குழம்பு குடித்துவிட்டுப் போனார்.

என் வழி அடைபட்டதை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணாடியைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. வீடு முழுக்கத் தடவினேன். மாமியார்தான் முதலில் பார்த்தார். வாசலில் நிற்கும் காவல் மரச்சிலைகளில் ஒன்று அதைப் போட்டுக்கொண்டிருந்தது.

நான் இக்வாவைப் பார்த்தேன். அவள் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கீழ்மூலையில போயா வாசல் வைப்பீங்க? எல்லாரும் மொதல்ல அங்கதான் விரல் வைப்பாங்க. மேல்மூலையில பாருங்க அத்தான்."

நான் பார்க்கவில்லை. சிலையிடமிருந்து கண்ணாடியை வாங்கித் துடைத்து, கண்ட இடத்தில் வைத்தேன்.