பத்து நிமிடம் முன்னால் வருகிறவள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் எங்கே போனாலும், அவளுக்குப் பத்து நிமிடம் முன்பே அவளே அங்கு போய்ச் சேர்ந்துவிடுவாள். டாக்டரம்மாவின் கோட்டுப் பாக்கெட்டில் இருந்த மோதிரம் காணாமல்போன வாரத்தில் இது தொடங்கியது. ஒன்பதாம் நாள் மோதிரம் சலவை மெஷினின் கழிவுக் குழாயில் கிடைத்தது. அவளைத் திருடி என்றவர்கள் நாலு மாடியும் ஏறி இறங்கிச் சொன்னார்கள். மோதிரம் கிடைத்ததைச் சொல்ல ஒருவருக்கும் படியேற நேரமில்லை.

முன்னால் போகிறவள் எதையும் எடுக்கமாட்டாள், அதையும் சொல்லியாக வேண்டும். உட்கார்ந்து, அங்கிருக்கும் கைப்பைகளைக் கண்ணால் எண்ணுவாள், அவ்வளவுதான். உண்மையானவள் மூச்சு வாங்க வந்து சேரும்போது அவள் எழுந்து போயிருப்பாள். நாற்காலி சூடாக இருக்கும், பைகளெல்லாம் அவரவர் மடியில் ஏறியிருக்கும். வேலை போனது, ஆஸ்பத்திரி கொடுத்திருந்த அறையும் போனது. புது வேலை கேட்டுப் போன இடங்களுக்கு ஓடிப் பார்த்தாள், ஆட்டோ பிடித்துப் பார்த்தாள். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருந்தது.

புருஷனும் செத்துப்போயிருந்ததால் ஏழு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டாள். நாத்தனார் கெட்டவள் இல்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள்.

"ஒரு ரூமும் வேலையும் பாத்துக்கிட்டு புள்ளையக் கூப்பிட்டுக்க. அதுவரைக்கும் இங்க வர வேணாம். உனக்கு முன்னாடி வர்றவளப் பாத்து அக்கம்பக்கத்துல கதவச் சாத்துறாங்க."

தான் எங்கும் போகாவிட்டால் எவளும் முன்னால் போக முடியாது என்பது அவளுக்கு உறைக்க ஒரு வருடம் பிடித்தது. மாடியறை ஒன்றைப் பிடித்து, துணி தேய்த்துக் கொடுத்தாள். துணி போட்டவர்கள் பாக்கெட்டுகளை நூலால் தைத்து மூடிவிட்டே கொடுத்தார்கள். தையலின் மேலேயே சுருக்கமில்லாமல் தேய்த்தாள். இரண்டு வருடம் படியிறங்கவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும் போலிருந்தபோதும் இறங்கவில்லை. மகளுக்கென்று ஆள் விட்டு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும்படி நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஒன்பது ஐம்பதுக்கே மகள் வந்துவிட்டாள், தனியாக. தாய் வாரி அணைத்து அழுதாள். கட்டிலில் உட்கார்ந்த பிள்ளை அறையைச் சுற்றிப் பார்த்தது. பார்வை கம்மல் டப்பாவில் வந்து நின்றது. தாய் எழுந்து போய் அலமாரியைப் பூட்டினாள்.

படியில் நாத்தனாரின் குரல் கேட்டது. திரும்பினால் கட்டில் காலி. வாசலில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள், தாயின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"நான் எதையும் தொடமாட்டேம்மா."

பள்ளியிலும் இப்படித்தான் என்று நாத்தனார் விளக்கினாள். திருடியின் மகள் என்று தெரிந்த நாளிலிருந்து ஒருத்தி முன்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறாளாம், பிள்ளைகள் பென்சில் டப்பாவை மூடிக்கொள்கிறார்களாம். தாய் சாவி பிடித்த கையைச் சுவரில் அடித்து அடித்து அழுதாள்.

மகள் இப்போது தாயோடு மாடியறையில்தான் இருக்கிறாள். கம்மல் அவள் காதில், அலமாரியில் பழந்துணியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் மாலையில் முன்னால் வருகிறவள் கட்டிலில் உட்கார்ந்ததும் தாயின் கை தன்னால் சாவிக்குப் போய்விடுகிறது. பத்து நிமிடம் கழித்து வருகிறவள் வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு உள்ளே வருகிறாள்.