ஆபேலுக்கு மூக்கு வைத்த கதை

1

இந்தக் கதை ஓசிச் சோற்றில் பிறந்தது. என் நண்பன் ரெஜின் குவைத்திலிருந்து திரும்பி, இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை கட்டினான். 'ஏதேன் ஹோம்ஸ்டே' என்று பலகையும் வைத்தான். ஒருவரும் தங்க வரவில்லை. என்னைக் கூப்பிட்டான்.

"மக்கா, நீ சும்மா வந்து தங்கு. சோறும் உண்டு. உனக்க நாவல்ல எங்க கடப்பொறத்தயும் சேத்து எழுது. வாசிச்சிட்டு ஆளு வரும் கேட்டியா."

நாவல் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆபேல் என்ற சென்னைக்காரன், யார் காலும் படாத ஒரு சொர்க்கத்தைத் தேடி அலைகிறான். இருநூறு பக்கம் அலைந்துவிட்டான். எனக்கே கால் வலித்தது. எங்காவது அவனை இறக்கிவிட்டால் போதும் என்று பெட்டியைக் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "ஆபேல் அந்த மணலில் கால் வைத்தபோது உலகம் புதிதாக —"

(வேண்டாம். எல்லா நாவலிலும் உலகம் புதிதாகத்தான் இருக்கிறது.)

இரண்டாவது: "தென்னைகள் தலையசைத்து அவனை —"

(தென்னை யாரையும் வரவேற்காது. தலையில் தேங்காய்தான் போடும்.)

மூன்றாவது தேறியது. மாடியில் நின்று உரக்க வாசித்தேன்: "ஆபேல் கண்களை மூடி, மாசற்ற காற்றை நெஞ்சு நிறைய இழுத்தான். இதுவரை யாரும் கண்டுபிடிக்காத கடற்கரை இது என்று அவனுக்குத் தெரிந்தது."

பக்கத்தில் நின்ற ரெஜினுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் அக்கா கிரேசி நிமிர்ந்து பார்த்தாள்.

"மக்கா, இவனுக்கு மூக்கில்லியா?"

3

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடற்கரையை யாரும் கண்டுபிடிக்காமல் இல்லை. கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்த வேன்கள் இந்தப் பக்கமும் வரத்தான் செய்கின்றன. கதவு திறக்கும். உடனே மூடும். வேன் திரும்பிவிடும். காரணம், வீட்டு முன்னால் வலை விரித்து அக்கா காயப்போடும் நெத்தோலியும் சாளையும்.* அதனால்தான் அந்த மணலில் ஒரு பாட்டில் கிடையாது, ஒரு சிப்ஸ் உறை கிடையாது.

ரெஜினுக்கு இது தெரியும். மணலில் குடையும் நாற்காலியும் போட ஆர்டர் கொடுத்திருந்தான். அத்தானுக்கு உடம்புக்கு முடியாமல் போனதிலிருந்து அக்கா வீட்டில் அடுப்பெரிவது அந்த மணலால்தான். இனி அவள் மீனை எங்கே காயப்போடுவாள் என்று கேட்டேன்.

"மாடி இருக்குல்லா" என்றான்.

மாடியில்தான் ஏதேன் இருக்கிறது. அது அவனுக்கும் நினைவு வந்து, பேச்சை மாற்றினான்.

* பைபிளின் ஏதேன் தோட்டத்து வாசலில் தேவதூதனை வாளோடு காவல் நிறுத்தியதாக ஓய்வுநாள் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். கருவாட்டில் செலவு குறைவு.

4

ஆபேலுக்கு மூக்கு வைத்தேன். வைத்ததும் கதை என் கையை விட்டுப் போய்விட்டது.

முடிவு அ: ஆபேல் மூச்சிழுக்கிறான், இருமுகிறான், கிடைத்த பஸ்ஸில் ஏறுகிறான். (ரெஜின் வாசித்துவிட்டு அன்று மத்தியானம் அக்கா வைத்த மீன் குழம்பை எனக்கு ஊற்றவில்லை.)

முடிவு ஆ: ஆபேலுக்கு நாற்றம் பிடித்துப்போகிறது. 'அசல் கடலோர மணம்' என்று வீடியோ போடுகிறான். அடுத்த வாரம் நாற்பது ஆபேல்கள் வந்து, ஆளுக்கொரு சாளையைக் கையில் பிடித்து போட்டோ எடுக்கிறார்கள். ரெஜினுக்கு இது ரொம்பவும் பிடித்தது. "அக்கா, நீ நல்லதா ஒரு சேல கெட்டிட்டு நின்னா போரும்" என்றான்.

"போலே அங்கோட்டு. கண்டவன்லாம் தொட்ட மீன ஆருலே வாங்குவா?"

முடிவு இ: மணலில் வரிசையாக நீல நாற்காலிகள். ஆபேல் கண்களை மூடி, மாசற்ற காற்றை இழுக்கிறான். கிரேசி அக்கா —

என் வாசிப்பு இங்கே நின்றது. மீனைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கையும் நின்றது.

"அதுக்குப் பெறவு நான் எங்க மக்கா?"

"இன்னும் எழுதல்ல அக்கா."

"எழுதாண்டாம். நீ எழுதினா இவன் செய்வான்."

ரெஜின் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானோ, அவள் வைத்த குழம்பைத் தின்றுவிட்டு, அவளையே வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி வைத்து, அடுத்த வார்த்தை அழகாக வரவேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

5

ரெஜினிடம் முடிவு கேட்டால், "ஆளு வந்தாத்தான் நாற்காலி எறக்கணும், பாப்போம்" என்கிறான். முன்பு இருந்த வேகம் குரலில் இல்லை. அக்காவிடமும் கேட்டேன்.

"இத வாசிக்கியவனுக்கு மீன் மணக்குமா?" என்றாள்.

"மணக்கும்ணுதான் நெனைக்கேன்."

"எழுத்துல எங்க மக்கா மணக்கும்?"

ஒரு பொட்டலம் நெத்தோலிக் கருவாடு கட்டித் தந்தாள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று வைக்க வேண்டுமாம். பதிப்பாளரிடம் போனில் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

ஆகவே வாசகரே, அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது. ஆபேல் வந்தால்தான் நாற்காலி. ஆபேல் நீங்கள்தான். அடுக்களையிலிருந்து ஒரு நெத்தோலிக் கருவாடு எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடுங்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்து, கண்களை மூடி, நெஞ்சு நிறைய இழுங்கள்.

அதற்குப் பிறகும் வரத் தோன்றினால் வாருங்கள். மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது. மணலில் மீன் காய்கிறது, ஓரமாக நடந்து வாருங்கள்.