எண்ணப்பட்ட கண்ணீர்

லொரெய்னின் வலது கண் ஆறு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வாமை என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டு விட்டுக் கைதான் வலித்தது. அதையும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் மார்ச் மாதம், சர்ச் கீழ்த்தளத்தில் நடந்த, ஜோடி ஜோடியாக ஆடும் யூக்கர் சீட்டுப் போட்டியில், எதிர் ஜோடியில் இருந்த ஆர்லீன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஆர்ட்டின் வந்தா கண்ணுல ஒரு துடைப்பு, இஸ்பேட் வந்தா ரெண்டு துடைப்பு! நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். புருஷனுக்குச் சைகை காட்டித்தானே ஜெயிக்கிற?"

மிச்சிகன்காரர்கள் திருடனைக்கூட மன்னிப்பார்கள், யூக்கரில் ஜோடிக்குச் சைகை காட்டுகிறவளை மன்னிக்க மாட்டார்கள். லொரெய்னுக்கு மானமே போயிற்று. அழுகையில் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. அதையும் எண்ணியிருப்பாள் அந்த மகராசி!

கண் டாக்டர் கண்ணோரத்துத் துளையில் உப்புத்தண்ணீரைச் செலுத்திப் பார்த்தார். அது திரும்பிக் கன்னத்தில் வழிந்தது.

"ஒவ்வாமை இல்லம்மா. கண்ணீர் மூக்குக்குள்ள இறங்குற பாதை அடைச்சிருக்கு."

மூக்கு வழியாகவே அறுவை செய்து புதுப்பாதை திறந்து, மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார். சில மாதங்களில் குழாயை எடுத்துவிட்டு மறுபடி உப்புத்தண்ணீர் விட்டபோது, அது தொண்டைக்கு இறங்கிவிட்டது.

"கரிக்குது டாக்டர், கரிக்குது!" என்று துள்ளினாள்.

"அடிப்பாவி, நான் வச்ச சூப் கரிச்சப்போ என்ன பேச்சு பேசின!" என்றான் கணவன் டுவேன்.

அக்டோபர் போட்டியின் கடைசி ஆட்டத்தில் மறுபடியும் ஆர்லீன் ஜோடிதான் எதிரில்.

"கண்ணு காஞ்சிருச்சா? இனிமே நீ எப்படி ஜெயிக்கிறேன்னு பாக்கலாம்."

பத்துப் புள்ளி எடுத்தால் வெற்றி. ஆர்லீன் பக்கம் ஒன்பது, இவர்கள் ஆறு. லொரெய்ன் சீட்டைப் பார்த்தாள். ஆர்ட்டினைத் துருப்பாக்கிவிட்டு, "தனியா ஆடுறேன்" என்றாள்.

கூடமே திரும்பிப் பார்த்தது. தனி ஆட்டத்தில் ஜோடி சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். ஐந்து சுற்றிலும் ஜெயித்து ஐந்து பிடியும் எடுத்தால் நாலு புள்ளி. டுவேன் சீட்டைக் கவிழ்த்ததோடு நிற்காமல், நாற்காலியையே திருப்பிப்போட்டு ஒரு துண்டு ஆப்பிள் பை தின்ன ஆரம்பித்தான்.

நாலு பிடி துருப்பிலேயே வந்தது. மிஞ்சியது கிளாவர் பத்து. அதை வெல்லும் சீட்டை ஆர்லீன் முந்தின பிடியிலேயே தூக்கி எறிந்திருந்தாள். ஐந்தாவது பிடியும் லொரெய்னுக்கே.

கைதட்டலில் கீழ்த்தளம் அதிர்ந்தது. லொரெய்னுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இரண்டு கண்ணும் பொங்கிவிட்டன. பழைய பயத்தில், துடைக்கப் போன கை பாதியில் நின்றது.

அதைப் பார்த்த ஆர்லீன் தன் கைக்குட்டையை மேஜைமேல் தள்ளினாள்.

"நல்லா துடைச்சுக்கடி. இன்னிக்கு நான் எண்ணல."