உங்களுக்கு அருகிலுள்ள கிளை

கட்டில், அலமாரி, நாற்காலி விற்கும் பெரிய கடை அது. ஊரெங்கும் கிளைகள். அவர்களுடைய புதிய இணையதளத்தை அன்று காலைதான் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் அடியில் ஒரு பெட்டி எழும்பும். குக்கீகளுக்குச் சம்மதமா, மறுப்பா? சம்மதம் என்றால் தளம் வாடிக்கையாளரின் இடத்தைத் தெரிந்துகொண்டு பக்கத்தின் உச்சியில் அருகிலுள்ள கிளையைக் காட்டும். மறுப்பு என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடிக்கொள்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை.

அலுவலகத்தில் அவளுக்கு 'நொட்டை' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்லாமல் விடமாட்டாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தளம் திறந்த பிறகு, துடைத்து வைத்த சோதனை போனில் பார்க்கக் கூடாது. யாராவது புழங்கும் போனில்தான் பார்க்க வேண்டும். அழுக்குப் போன் என்பார்கள். அன்று வீட்டிலிருந்து வேலை. அக்காவிடம் கையை நீட்டினாள்.

"உன் போனைக் குடுக்கா. அழுக்குப் போன் வேணும்."

"கொழுப்புடி உனக்கு. காலையிலதான் துடைச்சேன்."

அக்கா இப்படிப் பேசியே நாளாகிவிட்டது. புருஷன் உடைத்த மணிக்கட்டோடு வந்தவள், இந்த மாடி வீட்டில் ஒளிந்திருக்கிறாள். தங்கை வீடு மாறியது அவனுக்குத் தெரியாது. அக்கா சிம்மை மாற்றினாள். ஞாபகத்துக்கு வந்த கணக்குகளையெல்லாம் மூடினாள். என்றோ கட்டில் வாங்கிய கடை யார் ஞாபகத்துக்கு வரும்?

முதலில் சம்மதம், அப்புறம் மறுப்பு. அதுதான் முறை. சம்மதத்தை அழுத்தினாள். 'உங்களுக்கு அருகிலுள்ள கிளை: மணிக்கூண்டு.' சரிதான், ஜன்னலைத் திறந்தாலே மணிக்கூண்டு தெரியும். மறுப்பை அழுத்தினாள். 'உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம்.' கிளையின் பெயர் மறைந்தது.

தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினால், அந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது. 'ரயிலடி.'

பிழை கிடைத்த குஷியில் தளத்தை எழுதியவனைக் கூப்பிட்டாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அலுவலகத்தில் அவன் 'மாப்பிள்ளை'தான்.

"மாப்பிள்ளை, வேணாம்னு சொன்ன பிறகும் உன் தளம் கிளை காட்டுது. அதுவும் தப்பான கிளை."

"ஆரம்பிச்சிட்டியா? இரு பாக்குறேன்... அடச்சே, என் தப்புதான். இடத்தை அந்தந்த போன்ல வைக்காம கணக்குல வச்சுட்டேன். ஒரே கணக்குல ரெண்டு போன் இருந்தா, கடைசியா எந்த போன்லேர்ந்து இடம் வந்துச்சோ, அதுதான் ரெண்டுலயும் தெரியும். கிளை மாறினா கணக்குக்காரங்களுக்குச் செய்தியும் போகும்."

அவள் போனை வைத்தாள்.

"அக்கா, இந்தக் கடைக் கணக்கு யாரு நம்பர்ல இருக்கு?"

"கல்யாணக் கட்டில் வாங்கினது. அவரு நம்பர்லதான்." அக்கா எட்டிப் பார்த்தாள். "ரயிலடியா? அது எங்க வீட்டுப் பக்கமாச்சே."

'மணிக்கூண்டு' என்ற செய்தி அக்கா புருஷனுக்குப் போயிருக்கிறது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மாறியது. 'சந்தை.' கொஞ்ச நேரத்தில், 'பாலத்தடி.' அவன் சட்டைப் பையில் போன் சம்மதத்தோடு வந்துகொண்டிருந்தது. பாலம் தாண்டினால் மணிக்கூண்டு.

தங்கை போலீசுக்குப் பேசினாள். வீட்டுக்கு வந்து தகராறு செய்தால் கூப்பிடச் சொன்னார்கள்.

"அந்தாளுக்கு வீடு தெரியாதுக்கா."

"கொடியில காயுற என் துணியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாரு."

நின்று யோசிக்க நேரமில்லை. "நீ பின்படி வழியா பின்தெரு டாக்டரம்மா வீட்டுக்கு ஓடு. நான் உன் போனோட பஸ் ஏறுறேன். போற வழியில சம்மதம் குடுத்துக்கிட்டே போறேன். அந்தாளு என் பின்னாடி வரட்டும்."

"உனக்குப் பைத்தியமாடி?"

"ஆமா. ஓடு!"

துறைமுகம் போகும் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலி. உச்சி வெயில். பூங்காவைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு சம்மதத்தை அழுத்தினாள். 'துறைமுகம்' என்று வந்தது. உடனே மறுப்பு. காத்திருந்தாள். 'மணிக்கூண்டு.' அவன் தெருவுக்குள் இருக்கிறான். அப்புறம் மெல்ல, 'பூங்கா.' திரும்பிவிட்டான். தூண்டிலைக் கவ்விவிட்டான்.

அவளுடைய போனில் டாக்டரம்மாவின் நம்பரிலிருந்து செய்தி வந்தது. "அக்கா இங்கதான் இருக்கா. கதவைப் பூட்டியாச்சு."

கண்ணில் நீர் முட்டியது. இனி இறங்கி வேறு பஸ் பிடித்தால் போதும். அவன் எங்கே வருகிறான் என்று பார்த்துப் பார்த்துத் தப்பித்துக்கொள்ளலாம். பஸ் ஒரு நெரிசலில் ஊர்ந்து, நிறுத்தம் ஒன்றில் நின்றது. அக்காவின் போனில் எழுத்து மாறியது. 'துறைமுகம்.'

அவள் விரல் திரையில் படவே இல்லை.

அப்போது மாப்பிள்ளையின் செய்தி வந்தது. "சரி பண்ணி ஏத்திட்டேன். இனிமே ஒருத்தர் இடம் இன்னொருத்தருக்குத் தெரியாது. பாத்துட்டுச் சொல்லு, நொட்டை."

பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. பெட்டி எழும்பியது. மறுப்பை அழுத்தினாள். 'உங்கள் விருப்பத்தை மதிக்கிறோம்.' உச்சியில் ஒன்றுமில்லை. மறுபடி திறந்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் திறந்தாள். வெறும் வெள்ளை. ஒரு குறை சொல்ல முடியாதபடி தளம் வேலை செய்தது.

பின்வாசலில் யாரோ ஏறினார்கள். செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் நடுவழியில் வந்து, அவளுக்குப் பின்னால் நின்றது. பின் இருக்கையின் பலகை கிறீச்சிட்டது. காலி இருக்கைகள் எத்தனையோ இருந்தன.

அவள் திரும்பவில்லை. டிரைவரின் முதுகையே பார்த்தபடி எழுந்து, முன்வாசலை நோக்கி ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பின்னால் பலகை மறுபடி கிறீச்சிட்டது.