அடுத்த நிறுத்தம் கிர்ஷ்மாட்டே

மணல் மூட்டை ஒன்று முப்பது கிலோ. அறுபத்தொரு வயதில் அதை இடுப்புக்கு மேல் தூக்கினால் முதுகில் யாரோ ஆணி இறக்குவது போலிருக்கும். அன்று காலை ஏழு மணிக்குள் நாற்பத்தேழு மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி முடித்தேன். டிராம் பணிமனையின் மணல் அறை அது. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமலிருக்கத் தூவுகிற மணலை அங்கேதான் காயவைத்துச் சலித்துக் கட்டுவோம். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் இதே அறையில் இதே மாதிரி அடுக்கியிருக்கிறேன். அப்போது நாங்கள் நாலு பேர். மணல் எதிரொலியை விழுங்கிவிடும் என்று அன்றைய மேலாளர் கண்டுபிடித்திருந்தார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு மைக். அதில் உட்கார்ந்து ஒரு பெண் சொன்ன பெயர்கள்தான் இன்றுவரை எங்கள் ஊர் டிராம்களில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் ஒலிக்கின்றன.

இப்போது ஏழாம் தடத்தில் புதிதாக ஒரு நிறுத்தம். கிர்ஷ்மாட்டே. செர்ரி மரங்கள் நின்ற மேட்டில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன, பெயரில் மட்டும் மரங்கள் மிச்சம். அந்த ஒரு பெயரை அதே குரலில் பதிய வேண்டும். ஸ்டூடியோவில் இரண்டு நாள் முயன்றும் சரிவரவில்லையாம். பழைய அறையில், பழைய மூட்டைகளுக்கு நடுவே பதிந்து பார்க்கலாம் என்றார்கள்.

எல்ஸ்பெத் சௌக் எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். அறுபத்தேழு வயது. கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கையில் சேஜ் இலைத் தேநீர் ஊற்றிய ஃபிளாஸ்க். மூட்டைகளைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னும் நீங்கதானா? இந்த மணலோடவே உங்களையும் புதைச்சிடுவாங்க போலிருக்கே."

"மணலுக்கு ஓய்வு கிடையாது, சௌக் அம்மா. எனக்கு இன்னும் நாலு வருஷத்துல கிடைச்சிடும்."

"குடுத்து வச்சவரு. எனக்கு ஓய்வு குடுக்கக்கூட ஆளில்ல."

அவர் கதை ஊருக்கே தெரியும். பத்தொன்பது வயதில் லிலோ என்ற பெயரில் ஒரு பாட்டுப் பாடினார். ஒரு கோடைகாலம் முழுக்க ஆற்றங்கரைக் குளியலிடங்களில் எல்லாம் அதுதான் ஓடியது. நான் அப்போது பண்ணையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன், பண்ணைக்காரரின் ரேடியோவில் எனக்கும் கேட்டது. இரண்டாவது பாட்டை யாரும் கேட்கவில்லை. பிறகு ஏரிக் கப்பலில், கத்தியும் முள்கரண்டியும் உரசும் சத்தத்துக்கு நடுவே பாடினார். பாலாடைக்கட்டி விளம்பரத்துக்கு யோடல் என்ற மலைக்கூவல் கூவினார். குழந்தைகள் கதைக் கேசட்டில் பதினோரு வருடம் மலை அணிலாகப் பேசினார். தொலைபேசியில் மணி சொல்லும் குரலாக இருந்தார். ஒவ்வொன்றாகப் போயிற்று. பாட்டு ரேடியோவிலிருந்து போயிற்று, அணிலுக்கு வேறு குரல் வந்தது, மணி கேட்டுத் தொலைபேசியில் அழைக்க யாருமில்லாமல் போயிற்று. மிஞ்சியது டிராம்.

அதுவும் போகலாம் என்று மேலாளர் ஸீக்ரிஸ்ட் அம்மையார் அன்று காலை தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஒட்டினா சந்தோஷம். ஒட்டலேன்னா டிசம்பர்ல கால அட்டவணை மாத்துறப்போ எல்லா நிறுத்தத்துக்கும் கம்ப்யூட்டர் குரலப் போட்டுடுவோம். ஒரு பேருக்கு மட்டும் வேற ஆள் பேசுனா நல்லாருக்காது பாருங்க."

சௌக் அம்மா தலையாட்டினார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கிர்ஷ்மாட்டே."

ஒலிப்பதிவு செய்யும் ரெமோ முப்பதைத் தாண்டாதவன். பழைய பதிவிலிருந்து 'அடுத்த நிறுத்தம்' என்பதை வெட்டியெடுத்து, அதோடு புதிய பெயரைச் சேர்த்து ஓடவிட்டான். நாற்பத்தொரு வயதுக்காரி ஆரம்பித்த வாக்கியத்தைக் கிழவி முடித்துவைத்தாள். மூச்சு அடியில் கரகரத்தது. 'மா' வரும் இடத்தில் குரல் சற்றே நடுங்கியது. மறுபடி, இன்னும் மெல்ல, வாயில் புன்னகையோடு, நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்தார். இருபத்திரண்டு தடவை. ரெமோ இயந்திரத்தில் குரலின் உயரத்தைக் கூட்டினான்.

"ஐயோ, அணில் வந்துடுச்சு!" என்று அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

இருபத்துமூன்றாவது தடவை கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பக்கத்தில்தான். ரெமோ உதட்டைப் பிதுக்கினான். ஸீக்ரிஸ்ட் அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"ஃபோன்ஸி, தினம் வண்டியப் பெருக்கிக்கிட்டே இதத்தானே கேக்குறீங்க. உங்க காதுக்கு எப்படி இருக்கு? அதே குரலா?"

என் காதுக்குத் தெரியாததா. எட்டு வயதில் என்னைப் பண்ணைக்குக் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளை அப்போது அப்படித்தான் கொடுப்பார்கள். பள்ளியில் உட்கார்ந்ததைவிட மாட்டுக் கொட்டிலில் நின்றது அதிகம். முப்பத்தைந்து வயதில் என் பெயரைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அந்த வருடம்தான் டிராமில் இந்தக் குரல் வந்தது. குரல் ஒரு பெயரைச் சொல்லும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயர் பலகையாக ஜன்னலுக்கு வரும். சொன்னதையும் பலகையையும் ஒட்டவைத்து, இரண்டு குளிர்காலத்தில் நான் படிக்கக் கற்றேன். கிர்ஷ்மாட்டே பலகை நட்ட அன்றைக்கு, குரல் வருவதற்கு முன்பே அதை நானாகப் படித்தேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தேன் என்று யாரிடம் சொல்வது?

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளித் துண்டின் முனையைக் கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"அதேதான்," என்றேன். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல."

"அப்ப சரி," என்றார் ஸீக்ரிஸ்ட் அம்மையார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். ரெமோ என்னை ஒரு மாதிரி பார்த்தபடி கம்பிகளைச் சுருட்டினான்.

எல்லாரும் போன பிறகு, ஃபிளாஸ்க் மூடியில் கொஞ்சமும் என் காப்பிக் குவளையில் கொஞ்சமும் தேநீர் ஊற்றினார். மூடியை என் குவளையில் இடித்தார்.

"எல்ஸ்பெத்."

எங்கள் ஊரில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வருவது சின்னக் காரியமில்லை. மூத்தவர்தான், ஆணும் பெண்ணுமென்றால் பெண்தான், முதலில் பெயரைச் சொல்லிக் குவளையை நீட்ட வேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சாகும்வரை 'நீ'தான்.

"ஃபோன்ஸி," என்றேன்.

"நீ இல்லேன்னா இன்னிக்கு நான் செத்தேன், ஃபோன்ஸி."

தேநீர் கசந்தது. முழுவதும் குடித்தேன்.

அக்டோபர் முதல் வாரம் கிர்ஷ்மாட்டே டிராமில் ஏறியது. இரண்டாம் நாளே பள்ளிப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'அடுத்த நிறுத்தம்' வரை காத்திருந்து, பெயர் வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வண்டி முழுக்கக் கரகரவென்று கத்துவார்கள். ஊர்ப் பத்திரிகையில் யாரோ எழுதினார்: கிர்ஷ்மாட்டே வருவதற்குள் நம் டிராம் அம்மாவுக்கு வயதாகிவிடுகிறதே, வண்டி அவ்வளவு மெதுவாகவா போகிறது? அலுவலகத்தில் அதை வெட்டிக் காப்பி இயந்திரத்தின் மேல் ஒட்டினார்கள். நான் கிழித்துப் போட்டேன். மறுநாள் இன்னொன்று ஒட்டியிருந்தது. மாத முடிவில் ஸீக்ரிஸ்ட் அம்மையார் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்ற உத்தரவு போட்டார். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் சத்தமில்லாமல் நடந்திருக்கும். இருபத்தாறு வருடத்துக் குரல், குறையில்லாமல் ஓய்ந்திருக்கும்.

டிசம்பரில் கால அட்டவணை மாறுவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து ஏழாம் தடத்தில் ஏறினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதே கம்பளித் துண்டு. ஒவ்வொரு பெயரும் வரும்போது அவர் உதடுகள் கூடவே அசைந்தன. ம்யூலஸ்டேக். காஸ்வெர்க். எதிரே நின்றேன். இளமையான அந்தக் குரல் எங்கள் தலைக்கு மேலே ஊர் முழுவதையும் சொல்லிக்கொண்டே போயிற்று.

"எல்ஸ்பெத்," என்றேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் படிக்கக் கத்துக்கிட்டதே..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபமில்லை. கோபமிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

"நீங்க அன்னிக்கு உள்ளத உள்ளபடி சொல்லியிருக்கலாம்," என்றார்.

நீங்க.

லிண்டன்ராய்ன் வந்தது. அவர் வீடு கிர்ஷ்மாட்டேயைத் தாண்டி. ஆனாலும் எழுந்து, பொத்தானை அழுத்தி, பனிமழையில் இறங்கினார். நானும் இறங்கியிருக்கலாம். முதுகு கம்பியில் சாய்ந்தபடியே இருந்தது.

வண்டி சிக்னலில் வெகுநேரம் நின்றது. நகர்ந்தபோது நடைபாதையில் தலைகுனிந்து போய்க்கொண்டிருந்த அவரை நெருங்கினோம். பின்னிருக்கையில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துத் தயாரானார்கள். ஓட்டுநர் மணல் மிதியை அழுத்தினார் போல, அடியில் சரசரவென்று கேட்டது. அடுத்த நிறுத்தம், என்றது குரல். வண்டி அவர் பக்கத்தில் வந்த அந்த நொடியில் அவர் தலை நிமிர்ந்தது. ஈரக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் திறந்து மூடியது. அவருடைய இன்றைய குரலில் பெயர் உள்ளே எங்களுக்குக் கேட்டது.