புதனும் சனியும் என் முறை

என்னை ஜெராக்ஸ்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெரம்பலூர் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் கடை வைத்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுக்கிறேன், மனு டைப் அடிக்கிறேன், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் நான் விவசாயி. சிறுவாச்சூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வேணி என்ற என் பேரில் இரண்டு ஏக்கர் கரிசல் இருக்கிறது. அதில் மக்காச்சோளம் நிற்கிறது. பேங்கில், பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், தொழில் என்ன என்று எங்கே கேட்டாலும் விவசாயம் என்றுதான் சொல்வேன். கேட்கிறவன் என் கைப்பையையும் செருப்பையும் பார்த்துவிட்டுச் சிரிப்பான். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கென்ன.

அந்த இரண்டு ஏக்கர் சும்மா வந்துவிடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என் அண்ணன் கொளஞ்சியப்பன், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தை நீட்டினான். எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்த பெண் கண்ணை மூடிக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் பிறந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது கிடைக்கும். நான் போடமாட்டேன் என்றேன். கூடப் பிறந்தவன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாள் என்று ஊரே சொன்னது. அண்ணி அமிர்தவல்லி அன்றிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அண்ணனுக்கு ஐந்து ஏக்கர், எனக்கு இரண்டு. கிணறும் மோட்டாரும் பொது. புதனும் சனியும் என் முறை, மற்ற ஐந்து நாளும் அவர்கள் முறை என்று பஞ்சாயத்தில் பேசி முடித்தார்கள். கிணற்று மேட்டில் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு வால்வு அவர்கள் வயலுக்கு, ஒரு வால்வு என் வயலுக்கு. என் முறை நாளில் வால்வை என் பக்கம் மாற்றி விடுவது தன் பொறுப்பு என்று அண்ணன் ஒப்புக்கொண்டான். மிச்சத்தை என் போன் பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்கு சிம் கார்டு போட்டிருக்கிறோம். கடையிலிருந்தே கூப்பிட்டு ஒன்றை அமுக்கினால், “மோட்டார் இயங்குகிறது” என்று ஒரு பெண் குரல் சொல்லும். சொட்டு நீர்க் குழாய் வழியாகத் தண்ணீர் செடிக்குச் செடி போய்ச் சேர்ந்துவிடும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. ஆபீஸ் லீவு என்றாலும் கடையில் நல்ல கூட்டம். தமிழழகன் என்று ஒருவர், மழையில்லாமல் பயிர் போனதற்கு மனு எழுத வந்து நின்றுகொண்டு அவசரப்படுத்தினார்.

“செத்த இருங்க. வயலுக்குத் தண்ணி வுட்டுட்டு வரேன்” என்று போனை எடுத்தேன்.

“போன்லயே வெவசாயமாக்கா? அப்ப அறுப்பும் வாட்ஸப்புலதானா?” என்றார். நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

“ஒங்க மனுல தொழில் வெவசாயம்னு போட்டிருக்கேனே, நீங்க கடைசியா எப்ப வயல்ல எறங்குனீங்க?”

மனிதர் மனுவை வாங்கி மடித்தார். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு முழுவதும் உள்ளுக்குள் ஒரே குஷி.

வழக்கமாக ஞாயிறுதோறும் வயலுக்குப் போய்விடுவேன். அதற்கு முந்தின ஞாயிறு குடும்பத்தோடு கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்குப் போனதால் தவறிவிட்டது. இந்தச் சனிக்கு மறுநாள் ஞாயிறு போய் வரப்பில் நின்று பார்த்தேன். சோளத்தின் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. மண் வெடித்து, கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. ஒரு கதிரை உரித்துப் பார்த்தேன். மணி பாதிதான் பால் பிடித்திருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் பொக்காகிவிடும். அதற்கப்புறம் இரண்டு ஏக்கரையும் வெட்டி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் சோளம் கரும்பச்சையாக நின்றது. செடியடியில் கால் வைத்தால் ஒட்டுகிற ஈரம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போன சனி, நடுவில் புதன், நேற்று சனி, மூன்று முறையும் நான் மோட்டாரைப் போட்டேன், மோட்டாரும் ஓடியது. வால்வை மட்டும் யாரும் மாற்றவில்லை. என் முறையில், என் போனில், என் விரலால் அவர்கள் சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறேன். அட கேடுகெட்ட பயலே, பத்திரத்தில் கையெழுத்துப் போடாததற்கு இப்படியா பழி வாங்குவாய் என்று திட்டிக்கொண்டே அவனைத் தேடிப் போனேன்.

அண்ணன் ஹைவே டீக்கடையில் இருந்தான். வேறு எங்கே இருப்பான்? தோளில் பச்சைத் துண்டு, சுற்றிலும் நாலு பேர், குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் தான் பேசிய பேச்சைப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். நேராகப் போய் முன்னால் நின்றேன்.

“ஏண்ணே, வால்வ ஏன் மாத்தி வுடல?”

“எந்த வால்வு?”

“நடிக்காத. புதனும் சனியும் யாரு முறை?”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு என்னையே திருப்பிக் கேட்டான்.

“யாரு முறை?”

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கேட்கிறவள் கேனச்சியாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“எனக்கு என்னடி தெரியும்? அதெல்லாம் ஒங்கண்ணிதான் பாக்கறா. நான் கெணத்து மேட்டுக்குப் போயே நாலஞ்சு மாசம் ஆவுது. நடுரோட்டுல நின்னு என் மானத்த வாங்காத, போ” என்றான். துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டான்.

கிணற்று மேட்டுக்கு வந்தேன். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவர்கள் முறை என்பதால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அறுந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வருவதைப் பார்த்தும் நிமிரவில்லை.

“என் பயிரக் காயப் போட்டது நீங்கதானா?”

“ஆமா, நாந்தான்” என்றாள். “ரெண்டு வருஷமா மாத்தி வுட்டதும் நாந்தான், இப்ப மாத்தாம வுட்டதும் நாந்தான்.”

“பஞ்சாயத்துல ஒத்துக்கிட்டீங்கல்ல?”

“ஒத்துக்கிட்டது ஒங்கண்ணன். என்னை யாரு கேட்டா? எலி கடிச்ச குழாயெல்லாம் தானா ஒட்டிக்குதுன்னு நெனச்சியா? பில்டரு தானா கழுவிக்குதா? நீ டவுன்ல ஃபேனு காத்துல ஒக்காந்து போன அமுக்குவ. இங்க ஒருத்தி ஓடி ஓடி ஒனக்கும் சேத்துப் பாக்கணும்.”

சத்தியமாக நான் அதையெல்லாம் யோசித்ததே இல்லை. எல்லாம் அண்ணன் செய்கிறான் என்றுகூட நினைத்ததில்லை. எப்படியோ நடக்கிறது என்று இருந்துவிட்டேன். ஆனால் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

“ரெண்டு வருஷம் செஞ்சவங்களுக்கு இப்ப என்ன வந்துச்சு? நான் என்ன பண்ணேன்?”

அண்ணி கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

“எம் பொண்ணு லாவண்யா ஸ்காலர்ஷிப்புக்கு எழுதணும்னு ஓங் கடைக்கு வந்தோமே, அந்த வியாழக்கெழம. களை வெட்டுன கைய கழுவக்கூட நேரமில்லாம அப்படியே பஸ் ஏறி வந்தேன். அப்பா தொழிலு என்னன்னு அடிச்ச?”

“விவசாயம்.”

“அம்மா தொழிலு?”

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என்ன அடித்திருப்பேன் என்று தெரியும். சொல்லப்போனால் அதை நான் அடிப்பதே இல்லை. ஒரு நாளைக்கு இருபது விண்ணப்பம். அம்மா என்று வந்தால் அந்த இடத்தில் ஒரே வார்த்தைதான், கம்ப்யூட்டரில் எப்போதோ சேர்த்து வைத்துவிட்டேன். யாரையும் கேட்டதில்லை.

“இல்லத்தரசி” என்றாள் அண்ணி. “பஸ்ல வரப்ப லாவண்யா படிச்சிக் காட்னா. அஞ்சு ஏக்கருக்கும் நாந்தான் வெதச்சேன், நாந்தான் களை வெட்டுனேன், மருந்தடிச்சேன். டீக்கடையில குந்திக் கெடக்கறவன் வெவசாயி, நான் அரசி! வேற எவனாச்சும் எழுதியிருந்தா துப்பிட்டுப் போயிருப்பேன். நீதான ஊரெல்லாம் நான் வெவசாயி, நான் வெவசாயின்னு தண்டோரா போடறவ? ஊருக்குத்தான் ஒபதேசமா?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும், பிறவிக் குணம்.

“அதுக்காவ வாயில்லாப் பயிரக் காய வுடுவீங்களா? சொல்லியிருந்தா அப்பவே மாத்தி அடிச்சிருப்பேன். இப்பவும் வாங்க, மாத்தி அடிச்சித் தரேன்!”

“எதுக்கு? நீ அடிச்சாத்தான் நான் வெவசாயியா?”

விறுவிறுவென்று குழாய் பிரிகிற இடத்துக்குப் போனேன். மோட்டாருக்கு வருகிற கரண்ட் மூன்று மணிக்குப் போய்விடும். இன்றைக்கு யார் முறையாக இருந்தால் என்ன, என் பயிருக்கு நான் விடுகிறேன் என்று அவர்கள் பக்கத்து வால்வைப் பிடித்து மூடத் தொடங்கினேன். நாலு சுற்றுச் சுற்றியிருப்பேன். அடியில் குழாய் கடகடவென்று ஆடியது.

“ஏய், வுடுடி!” அண்ணி கத்திக்கொண்டே ஓடி வந்தாள். “மோட்டாரு ஓடுது! மொதல்ல ஒன்னுத தெறந்துட்டுத்தான் இத மூடணும். குழா வெடிச்சிப் பூடும்! இதுகூட தெரியாதா?”

தெரியாது. என் பக்கத்து வால்வைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலும் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அந்த வால்வில் நான் கை வைத்ததே இல்லை என்று அப்போது உறைத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தோளால் என்னை ஓர் இடி இடித்து ஒதுக்கினாள். ஒரு தட்டு, ஒரு திருப்பு. என் பக்கம் தண்ணீர் ஏறியது. அப்புறம் அவர்கள் வால்வை நிதானமாக மூடினாள்.

“இந்த மண்ணுக்குப் பன்னெண்டு நாளு தாங்கும்” என்றாள். “இன்னக்கிப் பதினொண்ணு. நீ வராட்டியும் நாளக்கித் தெறந்து வுட்டிருப்பேன். ஒன்ன அழ வெக்கணும்னுதான் நெனச்சேன், பயிரக் கொல்லணும்னு இல்ல. இப்பப் போறது என் முறைத் தண்ணி, ஞாபகம் வச்சிக்க.”

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இந்த நாக்கு இருக்கிறதே.

“என் மூணு முறைத் தண்ணி எனக்குத் திரும்பி வரணும்.”

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“தரேன். ரெண்டு வருஷம் நான் தெறந்து வுட்டத நீ திருப்பிக் குடு, மூணையும் தரேன். வர்ற செவ்வா என் முறை. ஒம்போது மணிக்கு கரண்ட் வரும். வந்து பில்டரு கழுவி, என் வயலுக்குத் தெறந்து வுட்டு, முழுசும் சுத்திப் பாத்துட்டுப் போ. போன்ல இல்ல, நேர்ல.”

செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீஸில் கூட்டம் நெரியும். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். பில்டரைக் கழுவி மாட்டினேன். முதலில் அவர்கள் வால்வைத் திறந்தேன், அப்புறம் ஞாயிறிலிருந்து திறந்தே கிடந்த என்னுடையதை மூடினேன். அண்ணி வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, “கடசி வரிசைக்குத் தண்ணி போவல” என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

கடைசி வரிசைக்குப் போனேன். எலி இரண்டு இடத்தில் குழாயைக் கடித்திருந்தது. சேற்றில் குந்தி, அறுத்து, இணைப்பு வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடைக்கு வந்தவர் யாரோ.

“ஜெராக்ஸ் அக்கா, கடை பூட்டியிருக்கு. எங்க இருக்கீங்க?”

“வயல்ல இருக்கேன்” என்றேன்.

எப்போதும் இந்த வார்த்தையை நாலு பேர் காதில் விழும்படி சொல்கிறவள் நான். வரப்பில் அண்ணி இருந்தாள், அவள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அன்றைக்கு மெதுவாகத்தான் சொன்னேன்.