காலில் இருந்த இழை

புகைப்படக் கண்காட்சிக்காரர் அனுப்பியிருந்த, தங்கை எடுத்த படத்தின் மாதிரி அச்சு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வெள்ளைத் துணிமேல் ஒரு சிட்டுக்குருவி. ஒருக்களித்து, கண் பாதி மூடி, ஒரு காலை நீட்டியபடி. தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்த அக்கா, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. அதோட கால்ல இருந்த நூலு எங்கடி?"

"என்ன நூலு?"

"நீல நூலு. ஃப்ரீசர்ல பட்டாணி எடுக்கப் போனப்ப, குருவிய வச்சிருந்த உன் டப்பாவத் திறந்து தொலைச்சேனே, அன்னைக்குப் பாத்தேன். மூணு சுத்து சுத்தியிருந்துச்சு. சாக்குப் பையப் பிரிச்சா வருமே, அந்த நைலான் இழை. நூல்ல பொழைக்கிறவகிட்ட வந்து என்ன நூலுன்னு கேக்கறா பாரு."

தங்கை அச்சைக் கையில் எடுத்தாள். கால் சுத்தமாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

அவளுக்கு ஸ்டுடியோவில் வேலை. எடுத்த படங்களைக் கணினியில் சரிசெய்வது. மூக்கோரத்துப் பரு, காலரில் தொங்கும் நூல், மணப்பெண்ணின் நெற்றியில் விழுந்த முடி எல்லாவற்றையும் பதினோரு வருடமாக அழித்துவருகிறாள். முதலாளி சொல்லி அழித்த காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது கண் பார்ப்பதற்குள் கை முடித்துவிடுகிறது. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்துவிடுவதும் அந்தக் கடைப் பழக்கம்தான்; இல்லாவிட்டால் இடம் போதாது.

செத்த சிறு உயிர்களைப் படமெடுப்பது மட்டும் அவளுடையது. அணில், வௌவால் குஞ்சு, கண்ணாடிக் கதவில் மோதிய மைனா. அதற்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தாள்: இருந்தபடியே எடுப்பது, இருந்தபடியே புதைப்பது. இறகைக்கூட நீவிவிடமாட்டாள். கண்காட்சிக்கு மூன்று வருடம் அனுப்பி மூன்று வருடமும் திரும்பி வந்த பிறகு, இந்த வருடம்தான் ஒரு படம் தேர்வாகியிருந்தது. அதற்கான தாளில் 'எதையும் சேர்க்கவில்லை, எதையும் நீக்கவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

குருவியைக் கண்டெடுத்த காலை நினைவுக்கு வந்தது. மருந்துக்கடைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கூடு. கூட்டில் சிக்கிய இழையின் ஒரு முனையில் குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. எதனால் செத்ததோ, அதைத்தான் அவள் அழித்திருக்கிறாள். காலரில் தொங்கும் நூலைப்போல.

"விடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் அக்கா.

"உனக்குத் தெரிஞ்சிடுச்சே."

"நான் ஊரக் கூட்டிச் சொல்லப்போறேனா?"

தங்கை கண்காட்சிக்காரரிடம் தொலைபேசியில் பேசினாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"அந்தச் சுத்தம்தாம்மா எங்களுக்குப் பிடிச்சதே. தூங்கற மாதிரி இருந்துச்சு."

"அது தூங்கல சார். மாட்டிக்கிட்டுச் செத்துச்சு."

"சரி, அழிக்காத படத்த அனுப்புங்க, பாப்போம்."

"இல்ல. அது மேலயே சேமிச்சிட்டேன். கேமரா கடையோடது, கார்டையும் துடைச்சாச்சு."

"அப்ப எதத்தான் அனுப்புவீங்க?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. அந்தப் படத்த எடுத்திடுங்க, அது வேண்டாம்."

"புதுசு தேறலன்னா உங்க இடம் போயிடும். சொல்லிட்டேன்."

"போகட்டும் சார்."

மறுநாள் விடுமுறை. கடைக் கேமராவை முந்தின இரவே கேட்டு வாங்கி வந்திருந்தாள். காலை ஒன்பது மணிக்குச் சமையலறை ஜன்னலில் வெயில் விழும். அவள் படமெடுப்பது அந்த வெளிச்சத்தில்தான். எட்டரைக்கே பால்கனியில் உட்கார்ந்து, கற்றாழைத் தொட்டியின் மண்ணைக் கரண்டியால் நீக்கத் தொடங்கியிருந்தாள். குருவியைப் புதைத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

"அந்தக் கரண்டி இனிமே வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றாள் அக்கா கதவருகே நின்று. "பொணத்தத் தோண்டறவளுக்கெல்லாம் நான் சோறு போடறேன்."

"மெஷின் தொடைக்கிற பிரஷ் வேணும்."

"கேப்ப. கத்திரிக்கோல் வேண்டாமா? ஊசி?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவள் பிரஷோடும் வெள்ளை அட்டை ஒன்றோடும் திரும்பி வந்தாள்.

முதலில் இறகுகள் வந்தன, மண்ணின் நிறத்தில். பிறகு விரல்நகம் அளவுக்கு மண்டையோடு. அவள் அவசரப்படவில்லை. பிரஷின் நுனியால் துகள் துகளாக மண்ணைத் தள்ளினாள். முட்டி மரத்துப்போனபோது காலை மாற்றிப் போட்டுக்கொண்டாள். கால் எலும்பு தெரிந்ததும் மூச்சை அடக்கி, சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து அப்படியே கரண்டியில் ஏந்தி, ஜன்னலடியில் விரித்திருந்த துணிக்குக் கொண்டுபோனாள்.

இழை அப்படியே இருந்தது. சாக்கிலிருந்து நேற்றுப் பிரித்ததுபோல் நீலம் கொஞ்சமும் மங்கவில்லை. அதே மூன்று சுற்று. சதைதான் இல்லை. சுற்றுகளுக்கு நடுவே, தீக்குச்சியைவிட மெல்லிய எலும்பு எதையும் தொடாமல் கிடந்தது.

"இப்பப் பாரு, எவ்வளவு லூசா இருக்கு," என்று அக்கா குனிந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "லேசா இழுத்தாலே வந்துடும்." அவளுடைய விரல்கள், நூலைக் கண்ட பழக்கத்தில், இழையின் முனையை நோக்கிப் போயின.

"தொடாதக்கா. அந்த அட்டையப் பிடி. வெளிச்சம் இந்தப் பக்கம் விழணும்."

அக்கா கையை இழுத்துக்கொண்டு அட்டையைப் பிடித்தாள். வெயில் துணியின் ஓரத்தைத் தாண்டி மெல்ல ஏறிவந்து, முதல் சுற்றைத் தொட்டது.